சுண்ணாம்புக் குழிக்கு இரண்டு மூலை

இல்லை, இல்லவே இல்லை. பச்சையப்பன் இரவோடு இரவாக ஓடிப்போனான் என்று சொல்கிற வாயை முதலில் கழுவிக்கொண்டு வரச் சொல்லுங்கள். உச்சி வெயிலில், தெருவே பார்க்க, வயிறு நிறையச் சாப்பிட்டு, கைகழுவித் துடைத்துக்கொண்டு, தலைவாசல் வழியாகப் போனான். ஓடுகிறவன் இப்படியா போவான்?

கிணற்றடியில் பூவம்மாள் மூன்று கதை கட்டிவிட்டாள். பாதிரியிடம் லஞ்சம் வாங்கிக்கொண்டு மாமனார் கட்சியைத் தோற்கடித்தான் என்பது ஒன்று. பெண்டாட்டியை அழவிட்டுப் போனான் என்பது இரண்டு. கண் கெட்டுப்போனதால் தோல் பதனிடுகிற ஷாப்பிலிருந்து விரட்டிவிட்டார்கள் என்பது மூன்று. பாதிரி அவனுக்குக் கொடுத்தது மொத்தமே ஒரு பிஸ்கோத்து. அதையும் அவன் விரலால் தடவிப் பார்த்து, "இது இன்னும் பதம் வரலீங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டான். பெண்டாட்டி அழுதாளா இல்லையா என்பதைக் கடைசியில் பாருங்கள். கண்ணைப் பற்றித்தான் இந்தக் கதை முழுவதும்.

பச்சையப்பனுக்குச் சொந்த ஊர் நெமிலிப் பக்கம். தாயும் தகப்பனும் ஒரே காய்ச்சல் வருடத்தில் போய்ச் சேர்ந்தார்கள். பதினைந்து வயதில், தோல் ஏற்றிவந்த வண்டியின் மேல் தோலோடு தோலாக உட்கார்ந்து ஆம்பூருக்கு வந்தான். பாலாற்றங்கரைத் தோல் ஷாப்பில் இறக்கிவிட்டார்கள். தோலை உள்ளே எடுத்துப் போனார்கள். அவனும் கூடவே உள்ளே போனான். அவ்வளவுதான், வேலைக்குச் சேர்ந்த கதை. தோலைப் பதப்படுத்த ஆவாரம்பட்டை இடித்தான், சுண்ணாம்புக் குழியில் இறங்கித் தோல் புரட்டினான், எட்டு வருடத்தில் ரகம் பிரிக்கிற பலகைக்கு வந்துவிட்டான்.

ரகம் பிரிப்பது லேசான வேலை இல்லை. மயிர் கழித்த ஆட்டுத்தோலைப் பலகையில் விரித்துப்போட்டு, உள்ளங்கையால் ஒருமுறை தடவி, முதல் ரகம், இரண்டாம் ரகம், கழிவு என்று எறிய வேண்டும். அதில் ஒரு வில்லங்கம் உண்டு. தோலை விற்றவர் கசாப்புக்காரர். ஆனால் சதை வழிக்கும்போது ஷாப்பு ஆளின் கத்தி தவறிக் கிழித்துவிட்டால்? அந்தக் கிழிசலை விற்றவர் தலையில் கட்டக்கூடாது என்பது அந்த ஷாப்பின் வழக்கம். அப்போது பச்சையப்பன் தன்னைத்தானே ஒரு கேள்வி கேட்டுக்கொள்வான்: 'இந்தக் கத்தி படாம இருந்திருந்தா, இது இன்னா தோலு?' கண்ணை மூடிக்கொண்டு கிழிசலைச் சுற்றித் தடவுவான். பிறகு ரகம் சொல்வான். சொன்ன ரகத்தை மாற்ற மாட்டான். கசாப்புக்காரர்களும் முதலாளி சாயபுவும் அதற்குமேல் ஒரு வார்த்தை பேசியதில்லை. நாட்றம்பள்ளியிலிருந்து தோல் கொண்டுவருகிறவர்கள், "பச்சையப்பன் இருக்கானா?" என்று கேட்டுவிட்டுத்தான் மாட்டை அவிழ்ப்பார்கள்.

இந்தக் கை வெளியே போய்விடக் கூடாது என்றுதான் ஷாப்பு மேஸ்திரி சின்னசாமி தன் மகள் செண்பகத்தை அவனுக்குக் கட்டிக்கொடுத்து வீட்டோடு மாப்பிள்ளையாக வைத்துக்கொண்டார். பெண் பார்க்க வந்த இடத்திலும் அந்தக் கை சும்மா இருக்கவில்லை. உட்காரச் சொன்ன பாயைத் தடவிவிட்டு, "ஒரு ஓரம் தேஞ்சிருக்கு" என்றான். மாமியார் ராஜம்மாளுக்கு முகம் சுருங்கிப்போயிற்று. உள்ளே செண்பகத்துக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. தேய்ந்த ஓரத்தை உள்பக்கமாக மடித்துப் போட்டவளே அவள்தான்.

பதினோரு வருடம் அந்த வீட்டில் இருந்தான். மாமனார் எதிரில் உட்கார்ந்ததில்லை, குரலை உயர்த்தியதில்லை.

அப்புறம் வந்தது அந்த ஆட்டம்.

ஜெர்மன்காரன் சண்டை முடிந்து நாலைந்து வருடம் இருக்கும். மிஷன் பள்ளிக்கூடத்துக்கு அமெரிக்காவிலிருந்து ஒரு பாதிரி வந்தார். நெடுநெடுவென்று உயரம், வெயிலில் வெந்த மூக்கு. தமிழை மொத்தமும் புத்தகத்திலிருந்து படித்தவர். "அன்பர்களே, தாகமாயிருக்கிறேன்" என்றுதான் தண்ணீர் கேட்பார். அவர் தன் ஊர் ஆட்டத்தை இங்கே கொண்டுவந்து இறக்கினார். பேஸ்பால் என்று பெயர். ஊர் அதை மூலை ஆட்டம் என்றது.

புரிந்துகொள்வது கஷ்டமில்லை. நாலு மூலையில் நாலு மூட்டை. அடிக்கிறவன் நிற்பது தாய் மூலை. எறிகிற பந்தைக் கட்டையால் அடித்துவிட்டு, முதல் மூலை, இரண்டாம் மூலை, மூன்றாம் மூலை என்று சுற்றி ஓடித் தாய் மூலைக்கே வந்தால் ஓர் ஓட்டம். நீ மூலையைத் தொடுவதற்குள் பந்து வந்து உன்னைத் தொட்டுவிட்டால் வெளியே போ. அடித்த பந்தைத் தரையில் படுமுன் பிடித்துவிட்டாலும் அப்படித்தான். மூட்டைகளில் சாறு இறங்கிப்போன சக்கைப்பட்டை அடைத்திருந்தார்கள். பந்துக்கு ஆட்டுத்தோல் தைத்துக் கொடுத்தவன் பச்சையப்பன்தான். ஷாப்புக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. தோல் உலர்த்துகிற களம் அன்று காலியாகக் கிடக்கும். சாயங்காலம் பள்ளிக்கூடத்து வாத்தியார்களும் மிஷன் ஆட்களும் ஒரு கட்சி, ஷாப்பு ஆட்கள் ஒரு கட்சி.

மூன்றாவது வெள்ளிக்கிழமையே வம்பு வந்துவிட்டது. மேஸ்திரி மகன் வேலு, அதாவது பச்சையப்பனின் மச்சினன், ஓங்கி அடித்தான். பந்து உருண்டுபோய்ச் சுண்ணாம்புக் குழியில் விழுந்தது. பள்ளிக்கூடக் கட்சியில் இருதயராஜ் என்று ஒரு வாத்தியார், கல் மாதிரிக் கை. அவர் குழி ஓரம்வரை ஓடிவந்து நின்றுவிட்டார். சுண்ணாம்பில் கையை விட்டால் தோல் உரிந்துபோகும். வேலு அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே நாலு மூலையும் சுற்றி வந்தான். வரும் வழியில் நின்று வெற்றிலைகூட வாங்கிப் போட்டுக்கொண்டான்.

"அது கணக்கு இல்ல!" என்றார் இருதயராஜ்.

"எறங்கி எடு வாத்தியாரே, யாரு வேணாம்னது?" என்றான் வேலு.

பாதிரி சட்டைப்பையிலிருந்து சின்னப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். வேலிக்கு அப்பால் போன பந்துக்கு அதில் விடை இருந்தது. கூட்டத்துக்குள் புகுந்த பந்துக்கு இருந்தது. சுண்ணாம்புக் குழிக்கு இல்லை. அம்பயராக நின்ற டிரில் வாத்தியார் இரண்டு பக்கமும் வசவு வாங்கி, வயிற்று வலி என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார்.

பாதிரி கையைத் தூக்கினார். "அன்பர்களே! எங்கள் தேசத்தில், புத்தகம் மௌனமாயிருக்கும் இடத்தில் அம்பயர் பேசுவார். அவர் சொல் முடிவானது. உங்களில் இரு சாராரும் ஒப்புக்கொள்ளும் மனிதன் எவன்?"

இரண்டு கட்சியும் யோசிக்கவே இல்லை. ஓரமாக நின்று வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தவனை இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள்.

"எனக்கு இந்த ஆட்டம் தெரியாதுங்க" என்றான் பச்சையப்பன்.

"தோலு தெரியுதில்ல? அது போதும்" என்றான் கட்டையைப் பிடித்து நின்ற காசி.

பச்சையப்பன் குழி ஓரம் போய்க் குந்தினான். பந்து உருண்ட தடத்தைக் கையால் தடவினான். காதைச் சொறிந்தான். பிறகு கேட்டான்: "வாத்தியாரே, குழி இல்லன்னா பந்து எங்க போய் நின்னிருக்கும்?"

"அந்தப் பட்டைக் குவியல்ல."

"நீங்க எடுத்து எறிய எத்தனை மூச்சு ஆகும்?"

"நாலு மூச்சு."

"வேலு, நாலு மூச்சுல நீ எங்க இருப்ப?"

வேலு வாயைத் திறப்பதற்குள் கூட்டமே, "ரெண்டாம் மூலை!" என்று கத்தியது.

"அப்ப ரெண்டு மூலை. அங்க போய் நில்லு. வெத்தலைய துப்பிட்டுப் போ."

இந்தக் கத்தி படாமல் இருந்திருந்தால் இது என்ன தோல்? அதே கேள்விதான். பாதிரிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அன்றிலிருந்து பச்சையப்பன்தான் அம்பயர்.

பாதிரிக்கு எதையும் எழுதி வைக்க வேண்டும். ஒரு பலகையில், 'சுண்ணாம்புக் குழி: இரண்டு மூலை' என்று எழுதிக் களத்தில் நட்டார். நாய்க்கு எத்தனை, வண்டிக்கு எத்தனை, ஆளுக்கு எத்தனை என்று மேலும் எழுதக் கிளம்பியபோது பச்சையப்பன் மறித்தான்.

"அய்யா, குழிக்கு எழுதுங்க. குழி நேத்தும் அங்கதான் இருந்திச்சி, நாளைக்கும் அங்கதான் இருக்கும். ரெண்டு கட்சிக்கும் தெரியும். நடமாடுறதுக்கு எழுதாதீங்க. நாயி ஒரு நாளு பந்தைக் கவ்விட்டு ஓடும், ஒரு நாளு மோந்து பாத்துட்டுப் போயிடும். அதுக்கெல்லாம் தோலுக்குத் தோலு பாக்கணும்."

பாதிரி பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். எழுத்துத் தெரியாதவன் எழுதத் தெரிந்தவருக்குச் சொன்ன பேச்சு. அவர் கேட்டுக்கொண்டார், அதையும் சொல்ல வேண்டும்.

அதற்குப் பிறகு எத்தனை கூத்து! ஒருநாள் பந்து பட்டை வண்டிக்குள் விழுந்துவிட்டது. வண்டிக்காரர் அரைத்தூக்கத்தில் நாட்றம்பள்ளிச் சாலையில் போய்க்கொண்டே இருந்தார். பந்து திரும்பி வரும்வரைக்கும் தான் ஓடலாம் என்று பெருமாள் சுற்ற ஆரம்பித்தான். பெருமாள் குழியில் வேலை செய்து காலெல்லாம் புண். நாலு சுற்றில் நாக்குத் தள்ளிவிட்டது. "வண்டி வாணியம்பாடி தாண்டிடும், நீயும் செத்துடுவ. ஒரு ஓட்டம். ஒக்காரு" என்றான் பச்சையப்பன். இன்னொரு நாள் காசி, தன்னைத் தாண்டி உருண்ட பந்தின்மேல் தலைப்பாகையை அவிழ்த்து வீசி அமுக்கினான். காசி ஷாப்பு ஆள். பச்சையப்பன் எதிர்க்கட்சிக்கு மூன்று மூலை கொடுத்தான். "ரெண்டுதான ஓடியிருப்பான்? மூணு ஏன்?" என்று வேலு குதித்தான். "ரெண்டா மூணான்னு சந்தேகம். சந்தேகத்தை உண்டாக்கினவன் காசி. அது அவன் பக்கம் சாயலாமா?" என்றான் பச்சையப்பன். பாதிரி வீட்டுக்குப் போய்ப் புத்தகத்தைத் தேடினார். தொப்பியைக் கழற்றிப் பந்தின்மேல் எறிந்தால் மூன்று மூலை என்றே போட்டிருந்ததாம்! மறுநாள் காலையில் அவர் ஷாப்பு வாசலில் வந்து நின்று, "ஐயா, நீர் எங்கே கற்றீர்?" என்று கேட்டார். "தோல்லதாங்க" என்றான். அன்றைக்குக் கொடுத்ததுதான் அந்தப் பிஸ்கோத்து.

மேஸ்திரிக்கு இதெல்லாம் ஆரம்பத்தில் பெருமையாகத்தான் இருந்தது. மருமகன் தீர்ப்புச் சொல்கிறான், பாதிரியே தலையாட்டுகிறார். போகப்போகக் கசந்தது. ராத்திரிச் சாப்பாட்டில் வேலு முணுமுணுப்பான்: "மச்சான் எனக்கு ஒரு மூலை கம்மியாவே குடுக்கறாரு நைனா."

"கண்ணு அவனுது, ஊடு நம்முது" என்பார் மேஸ்திரி, யாரையும் பார்க்காமல்.

பச்சையப்பன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பான்.

மாசி மாதத்தில் முதலாளி சாயபு ஒரு கடாவைப் பரிசாக அறிவித்தார். கொழுத்த கடா, கழுத்தில் மணி. ஒரே ஆட்டம், ஜெயித்த கட்சிக்குக் கடா. ஷாப்பு ஜெயித்தால் தன் வீட்டிலேயே பிரியாணி ஆக்கித் தெருவுக்கே போடுவதாகச் சாயபுவின் வீட்டம்மா அன்வரி பேகமும் சொல்லி அனுப்பினார். தெரு பாதி ஜெயித்துவிட்டது. மேஸ்திரி களத்து ஓரத்தில் பெஞ்சு போட்டு, குடை பிடித்து, புது வேட்டி கட்டி உட்கார்ந்துகொண்டார்.

ஷாப்பு கட்டை பிடிக்கிற கடைசி முறை. பள்ளிக்கூடத்துக்கு எட்டு ஓட்டம், ஷாப்புக்கு ஏழு. ஷாப்பில் இரண்டு பேர் வெளியே போயாயிற்று. இன்னும் ஒருவன் போனால் எல்லாம் முடிந்தது. பெருமாள் இரண்டாம் மூலையில் நிற்கிறான். கட்டை வேலு கையில்.

வேலு அடித்த அடி களத்தின் இடது ஓரமாகப் போயிற்று. பெருமாள் நொண்டிக்கொண்டு ஓடினான். இருதயராஜ் வாத்தியார் பந்தைத் துரத்தினார். பந்துக்கும் அவருக்கும் ஐந்தடிகூட இல்லை. முன்னால் மக்கள் கால்கள், ஒரு குடை, தூசி. அவ்வளவுதான். பந்தைக் காணோம்.

வாத்தியார் சுற்றுமுற்றும் பார்த்தார். பட்டைக் குவியலைக் கலைத்தார். கூட்டம் ஆகாயத்தைப் பார்த்தது, கொக்கு பறக்கிறதாம். அதற்குள் பெருமாள் தாய் மூலைக்கு வந்தான். வேலுவும் மூச்சிரைக்க வந்தான். இரண்டு ஓட்டம். ஷாப்பு ஜெயித்தது! தப்பு மேளம் அடிக்க ஆரம்பித்துவிட்டது.

பச்சையப்பன் மட்டும் அசையவில்லை. பந்து எங்கே போகிறதோ அங்கேதான் அவன் கண் இருக்கும். மேஸ்திரி பெஞ்சைவிட்டு எழுந்ததைப் பார்த்தான். நாலு எட்டு நடந்ததைப் பார்த்தான். புது வேட்டியோடு புழுதியில் சம்மணம் போட்டதையும், குடையை முன்னால் விரித்ததையும் பார்த்தான். வெறுந்தரையில் மேஸ்திரி உட்கார்ந்து அந்த ஷாப்பில் பார்த்தவர்களே கிடையாது.

தாய் மூலையிலிருந்து அவர் இருந்த இடம் அறுபது அடி இருக்கும். பச்சையப்பனுக்கு அது அறுபது மைல். நடந்தான். மேளம் ஒவ்வொன்றாக ஓய்ந்தது.

"மாமா, கொஞ்சம் எழுந்திருங்க."

"முட்டி வலிக்குது, மாப்ள."

"பந்து மேல ஒக்காந்தா வலிக்கத்தான் செய்யும்."

யாரோ ஒருவன் சிரித்துவிட்டான். அப்புறம் களமே சிரித்தது. மேஸ்திரி எழுந்தார். கோழி எழுந்தால் முட்டை கிடப்பதுபோலப் பந்து கிடந்தது. "இங்க எப்ப வந்திச்சி இது?" என்றார். பாவம், அதைவிட நல்லதாக ஒன்றும் அவருக்குத் தோன்றவில்லை.

வேலு விடுகிற ஆள் இல்லை. "மச்சான், நைனா ஒக்காந்த எடத்துல ஒக்காந்திருந்தாரு. குழி மாதிரி. குழிக்கு ரெண்டு மூலைன்னு பலகையில எழுதியிருக்குது. ரெண்டாம் மூலைல இருந்த பெருமாளு தாய் மூலைக்கு வந்துட்டான், ஒரு ஓட்டம். நான் ரெண்டாம் மூலைல நிக்கறேன். எட்டுக்கு எட்டு."

பாதிரிக்கும் அது பிடித்துவிட்டது. சண்டை என்றால் அவருக்கு ஆகாது. "நல்ல யோசனை. இருட்டுமுன் ஆட்டத்தைச் சமமென்று முடிப்போம். கடாவை இரு சாராரும் பகிர்ந்து உண்போம்" என்றார். இருதயராஜ் வாத்தியார்கூட, போகட்டும் என்று கையை விரித்தார். எல்லோரும் பிரியாணியை மோந்தே விட்டார்கள். பச்சையப்பன், "சரி" என்று ஒரு சொல் சொன்னால் போதும். மாமனார் மானமும் மிஞ்சும், வீடும் மிஞ்சும்.

அவன் காதைச் சொறிந்தான்.

"குழி எழுந்து நாலு எட்டு நடந்து வந்து பந்து மேல ஒக்காருமா, வேலு?"

பச்சையப்பன் பெருமாள் பக்கம் திரும்பினான்.

"பெருமாளு, இங்க வா. மாமா ஒக்காரும்போது நீ எங்க இருந்த?"

பெருமாளுக்குப் பொய் சொல்லுகிற சாமர்த்தியம் கிடையாது. "மூணாம் மூலைல நின்னு மூச்சு வாங்கிட்டு இருந்தேண்ணா. வாத்தியாரு கைக்குப் பந்து வந்துடிச்சேன்னு நின்னுட்டேன். அப்புறம் மேஸ்திரி கண்ணைக் காட்டினாரு. ஓடினேன்."

மறுபடி சிரிப்பு. மேஸ்திரி மட்டும் சிரிக்கவில்லை.

"பெருமாளு மூணாம் மூலைக்குப் போ. வேலு மொத மூலைக்குப் போ. ஆட்டம் நடக்கட்டும்."

"மொத மூலையா? ரெண்டாவது தொட்டிருப்பேன் மச்சான்!"

"தொட்டிருப்பியோ என்னவோ. சந்தேகம் இருக்குது. அதை உண்டாக்கினது நம்ம ஊட்டு ஆளு."

அடுத்து வந்த காசி அடித்த பந்து நேராகப் போய் இருதயராஜ் வாத்தியார் கையில் விழுந்தது. முடிந்தது. கடா மணியை ஆட்டிக்கொண்டு மிஷன் விடுதிக்கு நடந்துபோயிற்று. தெரு வீட்டுக்குப் போய்ப் பழைய சோற்றைக் கரைத்துக் குடித்தது. ஊருக்கு அவன்மேல் வந்த கோபம் மேஸ்திரிக்காகவா வந்தது? எல்லாம் பிரியாணிக்காக வந்தது. பூவம்மாள் வீட்டில் ஆறு பேர், ஆறு பேரும் தட்டைக் கழுவி வைத்துக் காத்திருந்தார்கள். அதைச் சொல்லமாட்டாள், லஞ்சம் என்பாள்.

வீட்டில் நாலு நாள் பேச்சில்லை. மேஸ்திரி சுவரோடு பேசினார், சுவர் பச்சையப்பனிடம் சொல்லிக்கொள்ளட்டும் என்று. அவர் தலையைக் கண்டாலே ஷாப்புப் பயல்கள், "முட்டி எப்படி மேஸ்திரி?" என்று கேட்டார்கள். அவருக்கும் கஷ்டம்தான், இல்லை என்று சொல்லவில்லை.

ஐந்தாம் நாள், புதன்கிழமை, ஷாப்பில் சாப்பாட்டு மணி அடித்து வீட்டுக்கு வந்தபோது அவர் சுவரை விட்டுவிட்டு நேரே பேசினார்.

"இத பாரு மாப்ள. நாளைக்கு நெமிலி வண்டி வருது. எல்லாரும் ஷாப்பு வாசல்ல இருப்பாங்க. ஒரே ஒரு வார்த்தை சொல்லு. 'அன்னைக்கு வெயிலு கண்ணைக் கூசிச்சி, நான் சரியா பாக்கல, மாமா எழுந்தே வரல, பந்துதான் அவர் கால்ல வந்து சேந்திச்சி'ன்னு. கடா போனது போவட்டும். என் பேரு எனக்கு வேணும். சொன்னா இந்த ஊடு உன்னுது. சொல்லலன்னா இந்த ஊட்ல உனக்கு எடம் இல்ல."

ராஜம்மாள் உள்ளிருந்து வந்தாள். "வார்த்தைதான மாப்ள, சொல்லிட்டுப் போங்களேன். வார்த்தைக்கு இன்னா வெல? எல்லாருக்கும் பேஜார் வுட்டுது."

பச்சையப்பன் தன் உள்ளங்கையைப் பார்த்தான். சுண்ணாம்பும் பட்டைச் சாறும் ஏறிக் காவி பிடித்த கை. நாளைக்கு அந்த வாசலில் வெயில் கூசியது என்று சொல்லிவிடலாம். அடுத்த வாரம் நெமிலிக்காரன் தோலைப் பிரித்துப்போட்டு, "இப்ப கண்ணு கூசலியே பச்சையப்பா?" என்று கேட்பான். முதலாளி கேட்பார். ஒவ்வொரு தோலுக்கும் ஒருவன் கேட்பான். அப்புறம் அந்தக் கையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? சோறு பிசையலாம், அவ்வளவுதான்.

"கூசல மாமா" என்றான்.

"இன்னா?"

"வெயிலு எனக்கு முதுகுப் பக்கம் இருந்திச்சி. கூசல. எழுந்து வந்தீங்க, நாலு எட்டு. எண்ணினேன்."

மேஸ்திரி துண்டை உதறித் தோளில் போட்டார். "ராஜம்மா, நான் படுக்கறேன். நான் எழுந்திருக்கும்போது எனக்கு இந்த மூஞ்சி தெரியக்கூடாது" என்று சொல்லிவிட்டுக் கூடத்திலேயே பாயை விரித்து, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

பச்சையப்பன் கொடியில் கிடந்த இரண்டு வேட்டிகளை எடுத்து மடித்தான். மூட்டை கட்டத் துணி தேடினான். திரும்பிப் பார்த்தால் செண்பகம் ஏற்கெனவே ஒரு மூட்டை கட்டி அதன்மேல் உட்கார்ந்து தலைவாரிக்கொண்டிருந்தாள்.

"நீ எங்க?" என்றான்.

"நீங்க எங்கியோ, அங்க."

"எங்கன்னு எனக்கே தெரியல. பேரணாம்பட்டுல ஒரு ஷாப்புல ஆளு கேட்டாங்க, போன மாசம். இன்னும் வேணுமோ வேணாமோ."

"வேணாம்னா வேலூரு. அங்கயும் வேணாம்னா ராணிப்பேட்டை. ஆடு எல்லா ஊர்லயும்தான் இருக்குது." சீப்பை மூட்டைக்குள் திணித்தாள். "நைனா மேல எனக்கு ஆசை இல்லாம இல்லீங்க. ஆனா புது வேட்டியோட போய்ப் புழுதியில ஒக்காந்தாரு பாருங்க, அந்த வேட்டிய மூணு தரம் தொவச்சது நானு. அந்தக் கறை நெஜம். நீங்க நாளைக்கு அது பொய்யின்னு சொன்னா நான் எதத் தொவச்சேன்?"

அழுதாளாம்! கேட்டீர்களா, இதுதான் அழுகை.

ராஜம்மாள்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பட்டினியா என் ஊட்டவுட்டுப் போகக் கூடாது" என்று இரண்டு பேருக்கும் இலை போட்டாள். சுடுசோறு, கத்தரிக்காய்க் காரக்குழம்பு, வார்த்தை எதுவும் இல்லாமல் இரண்டாம் தரம் நெய். பச்சையப்பன் அவசரப்படவில்லை. குழம்புச்சோறு முடித்து மோருக்கும் கை நீட்டினான். "குழம்பு நல்லா இருந்திச்சி அத்தை" என்றான். பதினோரு வருடத்தில் அவன் அந்த வீட்டுச் சமையலுக்கு ரகம் சொன்னது அதுதான் முதல் தடவை. ராஜம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

கூடத்தில் மேஸ்திரி குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். மேஸ்திரியின் உண்மையான குறட்டையை அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மாவு மில் மாதிரி ஒரே சீராக ஓடும். இது அப்படி இல்லை. ஏறியது, இறங்கியது, இடையில் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டது.

செண்பகம் மூட்டையை இடுப்பில் வைத்துக்கொண்டு பாயோரம் போய் நின்றாள். "நைனா, போய்ட்டு வர்றோம்."

குறட்டை பலமாயிற்று.

பச்சையப்பன் குனிந்து, தூங்குகிறவர் கால் பக்கம் தரையைத் தொட்டுக் கும்பிட்டான். "போய்ட்டு வர்றேன் மாமா."

குறட்டை நின்றது. ஒரு மூச்சு, இரண்டு மூச்சு, மூன்று மூச்சு. அந்த முதுகு திரும்பிவிடும்போல இருந்தது. பச்சையப்பன் காத்திருந்தான். நாலாவது மூச்சில் குறட்டை மறுபடி தொடங்கியது, முன்னைவிடச் சத்தமாக.

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு, பெண்டாட்டி இடுப்பிலிருந்த மூட்டையை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு, வெயிலில் இறங்கினான்.